காலி நாற்காலியில் என் அக்கா

1

இந்த மாதத்தோடு நான் நார்வேக்கு வந்து எட்டு வருடம் முடிகிறது. அதற்கு யாரும் கேக் வெட்டவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பெர்கன் நகரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், என் அக்காவுக்குக் கேக் வெட்டினார்கள். அக்கா அங்கே இல்லை. ஆவடி சேக்காட்டில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாளும் இல்லை. இப்படி ஒரு கேக் தனக்காக வெட்டப்படுகிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

கேக்கின் மேல் க்ரீமால் 'ரேவதி' என்று எழுதி, பக்கத்தில் ஆறு என்று எண் போட்டிருந்தது. அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. ஆனாலும் அந்த ஆறு சரிதான். எங்கள் கம்பெனியில் ரேவதி பிறந்து ஆறு வருடம் ஆகிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். என் மேலதிகாரி இங்ரித், "ரேவதி இல்லையென்றால் இந்தியாவில் நம்மை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்" என்று பேசினாள். மேஜையின் தலைப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் ரேவதி என்று எழுதிய அட்டை. முதல் துண்டுக் கேக்கை ஒரு தட்டில் எடுத்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் தட்டு வைப்பது நம்மூரில் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். நானும் கைதட்டினேன்.

2

மார்க்கெட்டிங்கில் இல்லாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். 'மக்கள்' என்று பொதுவாக நினைத்தால் விளம்பரம் எழுத வராது. ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் வைத்து, வயது வைத்து, காலையில் எத்தனை மணிக்கு எழுவாள், யாரைக் கேட்டுப் பொருள் வாங்குவாள், எதற்குப் பயப்படுவாள் என்று ஒரு அட்டையில் எழுதி வைப்போம். இதற்குப் பெர்சோனா என்று பெயர். அப்புறம் எல்லாக் கூட்டத்திலும் அவளைக் கேட்டுத்தான் முடிவெடுப்பதாக ஒரு பாவனை. அவளுக்கென்று நாற்காலி போட்டு வைப்பதும் அந்தப் பாவனையில் சேர்த்தி. "ரேவதிக்கு இந்த நிறம் பிடிக்குமா?" என்று படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, ஒரு காலி நாற்காலியைப் பார்த்து வாதாடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். கோயிலில் பூ கேட்பவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

நாங்கள் விற்பது தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின். விற்பது முழுக்க இந்தியாவில். இந்த ஊரில் ஒன்றுகூட விலைபோகாது. எப்போது பார்த்தாலும் மழை, எந்தக் குழாயைத் திறந்தாலும் குடிக்கிற தண்ணீர். இங்ரித் தன் பாட்டிலைக் கழிவறைக் குழாயில் பிடித்து அப்படியே குடிப்பாள். வந்த புதிதில் நான் மட்டும் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போனேன். அதற்குள் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று ஒருவர் ரொம்ப மரியாதையாக விசாரித்தார்.

நான் சேர்ந்த முதல் இரண்டு வருடம் அவர்களிடம் 'பிரியா' என்று ஒரு பெர்சோனா இருந்தாள். பிரியா விடிந்ததும் யோகா செய்தாள். ஜன்னலைத் திறந்தால் கடல். சொந்தக் காரில் வேலைக்குப் போனாள். "இப்படி ஒருத்தியை நான் ஆவடி பஸ்ஸில் பார்த்ததே இல்லை" என்றேன். "அப்படியானால் நீ பார்த்தவளை எழுது" என்றாள் இங்ரித்.

எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூடப் பிறந்தவளை எழுத எதற்கு யோசனை? காலை ஐந்துக்கு மோட்டார் போட எழுவாள். போர் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கக் கேன் வாங்குவாள். கேன்காரனையும் நம்ப மாட்டாள். டி.வி.யில் டாக்டர் கோட்டு போட்டவர் சொன்னால் நம்புவாள். தெருவில் யார் எதை வாங்கினாலும் அவளைத்தான் கேட்பார்கள். பெயரை மாற்றத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சமாவது தப்பிக்க வழி இருந்திருக்கும்.

'எதற்குப் பயப்படுவாள்' என்ற கட்டத்துக்கு வந்தபோதும் என் கை நிற்கவில்லை. அந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் பெர்கனில் சொல்லித்தரவில்லை. அது நான் அம்பத்தூரில் கற்றது.

3

டிகிரி முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், மண்ணூர்பேட்டையில் ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்கும் வேலை. மே மாத வெயிலில் கழுத்தில் டை. தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து டீம் லீடர், "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார். ஆளுக்கொரு எண்ணைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தியபடியே குதிக்கவும் வேண்டும். மாடியில் யாருக்கோ சாமி வந்திருக்கிறது என்றுதான் கீழே டீக்கடையில் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஜோடியாகப் போட்டது குமார் என்பவனை. பாடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் இரண்டு உலோகக் கம்பி. வீட்டுக் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீரில் அழுக்கு இருப்பதால் அல்ல, கம்பியே அரித்துக் கரைவதால். உப்பை எடுத்துவிட்ட எங்கள் ஃபில்டர் தண்ணீரில் அது நடக்காது. இது எங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. நான் அந்த டம்ளரைத் தூக்கிப் பிடித்து நீளமாக லெக்சர் அடிப்பேன். அந்தம்மா பாவமாகக் கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் வந்ததும் சொல்றேன் தம்பி" என்று கதவைச் சாத்திவிடுவார்.

ஒருநாள் பாடி மேம்பாலத்து நிழலில் நின்றுகொண்டு குமார் என்னைக் கிழித்தான்.

"இன்னா மாமே நீ? தண்ணியவே காட்டிகினு கீற. தண்ணி அழுக்குன்னா அந்தம்மா காய்ச்சி குடிச்சிட்டு போவுது. தண்ணிய காட்டாத. புள்ளைய காட்டு."

"நம்மகிட்ட ஏதுடா புள்ள?"

"அந்தம்மா இடுப்புலயே கீதுல்ல! டம்ளர ஒரு தபா பாரு. அப்பால புள்ளைய ஒரு தபா பாரு. வாய தொறக்காத. அவ்ளோதான் மேட்டரு."

அன்று சாயங்காலம் அப்படியே செய்தேன். விற்றது. மறுநாளும் விற்றது. நான்தான் வாயே திறக்கவில்லையே, அப்புறம் எப்படிப் பொய் சொன்னதாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு எம்.பி.ஏ. படித்தேன், பெரிய கம்பெனிகளில் குளிர்சாதன அறைகளில் உட்கார்ந்தேன், கடல் தாண்டி வந்தேன். குமார் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை புதிதாகக் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. அவன் ஆறே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். "இதுல பொய் கம்மி மாமே" என்று காரணம் சொன்னான்.

4

அக்கா மகன் தினேஷுக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அப்போது நாங்களும் சேக்காட்டில்தான், அடுத்த தெருவில் இருந்தோம். பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் குளுக்கோஸ், இன்னொரு பக்கம் அரைத்த கீழாநெல்லி. உப்பில்லாத மோர் சாதத்தைப் பார்த்து அவன் அழுவான். அவன் தூங்கும்போதுகூட அக்கா இமையைப் பிரித்துக் கண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தண்ணீராகவும் இருக்கலாம், தேர்த் திருவிழாவில் வாங்கிக் குடித்த சர்பத்தாகவும் இருக்கலாம், யார் கண்டது என்றார் டாக்டர். அக்காவின் மாமியார் மட்டும் யாரால் வந்ததென்று உறுதியாகச் சொன்னாள். "ரெண்டு நாளா தண்ணிய காய்ச்சல. சோம்பேறித்தனம்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அக்கா ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. தினேஷுக்குச் சரியாகிவிட்டது. அக்காவுக்கு ஆகவில்லை.

இதைத்தான் அட்டையில் எழுதினேன். எதற்குப் பயப்படுவாள்? தன்னுடைய அலட்சியத்தால் பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்று. எதைச் சொன்னால் யோசிக்காமல் செய்வாள்? பிள்ளையின் கண் மஞ்சளாகும் என்று. இங்ரித் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு நாள் நீ எங்கே இருந்தாய்?" என்று என் தோளில் தட்டினாள். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டு கோயில் அம்மனுக்குப் புடவை சாத்தினாள்.

5

அந்த அட்டையிலிருந்து வந்ததுதான் இந்தக் குறுஞ்செய்தி. மெஷின் வாங்கியவர்களின் போனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாகப் போய்ச் சேரும்.

'அம்மா, உங்கள் ஃபில்டர் ஓய்வு கேட்கிறது. பிள்ளையின் கண் மஞ்சளாகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மாற்றுங்கள்.'

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவதுகூட வந்திருக்கலாம். வந்திருந்தால், எழுதியவன் நான்தான். எங்கள் ஆய்வகத்து இன்ஜினியர், மெஷினுக்குள் இருக்கும் இந்த ஃபில்டர் எந்தத் தண்ணீரிலும் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் உழைக்கும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் என்று குறைத்தது எங்கள் பிரிவு. அதற்கு 'முன்ஜாக்கிரதைக் காலம்' என்று கௌரவமாக ஒரு பெயரும் வைத்தோம். முதலில், 'தூய நீரின் சுவை' என்று ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. கண் மஞ்சளுக்கு மாற்றியதும் ஆர்டர்கள் குவிந்தன.

அக்கா எங்கள் மெஷினை வாங்கியது எனக்கே பிறகுதான் தெரியும். தம்பி கம்பெனி என்ற பெருமை. அக்கா வீட்டுக்காரர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் பெயரில், அவர் நம்பரைக் கொடுத்து வாங்கினார்கள். தெருவில் நாலைந்து வீட்டுக்கு அக்காவே சிபாரிசும் செய்தாள். முதல் செய்தி வந்த அன்று என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், உங்க கம்பெனி மெசேஜ் வந்துச்சுடா. படிச்சதும் பக்குனு ஆயிடுச்சு. யாரோ நம்ம தினேசு கத தெரிஞ்சவங்க எழுதனா மாரியே கீது."

"அப்படியாக்கா?" என்றேன். அங்கே வெயில் எப்படி, என்ன குழம்பு என்று பேச்சை மாற்றினேன். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

கேக் வெட்டியதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தினேஷ் கூப்பிட்டான். இப்போது பதினைந்து வயது, என்னைவிட உயரம்.

"மாமா, நீயாவது அம்மாக்கு சொல்லு மாமா. கபடி கேம்ப்புக்கு என்னை எடுத்துகீறாங்க. பூந்தமல்லி தாண்டி. பத்து நாளு. அம்மா உடமாட்டேங்குது. அங்க தண்ணி எப்புடி கீதோன்னு சொல்லுது."

"பாட்டில்ல எடுத்துக்கிட்டுப் போயேன்டா."

"ஸ்கூல்ல ஏற்கெனவே என்னை தண்ணி லாரின்னுதான் கூப்புடுறானுங்க. பத்து நாளைக்கு எத்தினி பாட்டில் மாமா தூக்கிகினு போறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"முந்தாநேத்து அந்த மெசேஜ் வேற வந்துச்சு மாமா. அதிலேர்ந்து டெய்லி காலைல என் கண்ண இழுத்து இழுத்து பாத்துகினு கீது. திங்கக்கெழம வண்டி. இந்த தபா போவலன்னா அடுத்த வருசம் டீம்ல எடுக்க மாட்டாங்க."

6

அன்று சாயங்காலம் என் மகள் நிலா நோட்டும் கையுமாக வந்தாள். பதினொன்று ஆகிறது அவளுக்கு. மூன்று வயதில் இங்கே தூக்கி வந்தோம். நார்வேஜியத்தில் யோசித்து, அதைத் தமிழில் இறக்கி வைப்பாள். வழியில் பாதி கொட்டிவிடும். தூக்கத்தில் அவள் தமிழில் பேசி ரொம்ப நாள் ஆகிறது என்று என் மனைவி சொல்லிக் கவலைப்படுவாள்.

பள்ளியில் வீட்டுப்பாடம். வீட்டில் கிடைக்கும் ஒரு விளம்பரத்தை எடுத்து, அது எந்த உணர்ச்சியை விற்கிறது என்று எழுத வேண்டுமாம். அப்பாதான் விளம்பரக்காரர் ஆயிற்றே என்று என் வேலையையே கேட்டாள். ஏதோ பெருமையில் அந்தச் செய்தியைக் காட்டித் தொலைத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அப்பா, இது யாரோட பேபி?"

"யாரோடதும் இல்ல. சும்மா எழுதுறது."

"இல்லாத பேபிக்கு ஏன் கண் மஞ்சள்?"

"அது ஒரு உதாரணம்டா."

நோட்டில் நார்வேஜியத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். பயம் என்று அர்த்தம். அடிக்கோடு போட்டாள். அப்புறம் நிமிர்ந்து, "அத்தை வீட்ல இந்த மெஷின் இருக்குல்ல? இது நீங்க எழுதினதுன்னு அத்தைக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தமிழ்ல ஒரு வாக்கியம் ஒழுங்கா பேச வரல, கேள்வி மட்டும் கேட்க வந்துட்டா" என்று கத்தினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பேசிய தமிழில் ஒரு தப்பும் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

7

புதன்கிழமை இங்ரித்திடம் போனேன். "இந்தச் செய்தியை இங்கே ஒரு அம்மாவுக்கு அனுப்புவாயா?" என்று கேட்டேன்.

"இங்கே அனுப்ப முடியாது. புகார் செய்து நம்மைத் தொலைத்துவிடுவார்கள்" என்றாள்.

"அங்கே மட்டும்?"

"அங்கே யாரும் புகார் செய்யவில்லையே. செய்தால் கட்டாயம் பார்ப்போம். அதற்குப் படிவம் இருக்கிறது."

கெட்டவள் இல்லை அவள். என் மனைவிக்குப் பிரசவச் சிக்கல் வந்து குழந்தை தங்காமல் போனபோது, முதலில் வந்து நின்றவள் அவள்தான். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

இந்த நாட்டில் எதற்கும் படிவம். என் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயர், என் மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் எப்படிக் குடியிருக்கிறது என்று விளக்கியே நான் முதல் வருடத்தைக் கழித்தேன். படிவத்துக்குப் பயந்தவன் இல்லை நான். நிரப்பினேன். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்: ரேவதி. வயது: 46. ஊர்: ஆவடி. பாதிப்பு: மகனை வெளியே அனுப்பப் பயப்படுகிறார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. 'நீங்கள் குறிப்பிட்டுள்ள ரேவதி நமது பெர்சோனா. அவர் உண்மையான நபர் அல்ல. உண்மையான வாடிக்கையாளரின் பெயருடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

இரண்டு தடவை படித்தேன். இவள் நிஜம், என் அக்கா, சந்தேகம் இருந்தால் நம்பர் தருகிறேன், பேசிப் பாருங்கள் என்று எழுதினேன். வாடிக்கையாளர் பட்டியலில் ஆவடியில் ரேவதி என்று யாரும் இல்லை என்று பதில் வந்தது. மெஷின் அக்கா வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்று எழுதினேன். அவரிடமிருந்து கையெழுத்துடன் கடிதம் கேட்டார்கள். கூடவே, பணியாளர் ஒருவர் தம் உறவினரைப் பெர்சோனாவாகப் பயன்படுத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேறொரு படிவம் இருப்பதாகவும் கனிவோடு நினைவூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வாராந்திரக் கூட்டம். இனிமேல் செய்தி ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும், கண் மஞ்சள் வேண்டாம் என்றேன். புதிதாகச் சேர்ந்த ஒருவன், ரொம்ப நல்ல பிள்ளை, காலி நாற்காலியைக் காட்டினான். "ஆனால் ரேவதி இதை விரும்புவாளே. அவள் எச்சரிக்கையான அம்மா. நினைவூட்டாவிட்டால்தான் அவளுக்குக் கோபம் வரும். உங்கள் அட்டையிலேயே அப்படித்தான் இருக்கிறது."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். ரேவதி ஒன்றும் சொல்லவில்லை.

என் வாயில் தமிழ் வந்துவிட்டது. "அவ என் அக்காடா!" என்று கத்தினேன். எட்டு வருடத்தில் அந்த அறையில் நான் பேசிய முதல் தமிழ் அதுதான். "அப்படியென்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் இங்ரித். "ஒன்றுமில்லை" என்றேன். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

8

சனிக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, அதிசயமா கீது. நேத்து அனுப்பன தினேசு போட்டோ பாத்தியா?"

"பார்த்தேன். அக்கா, தினேஷைக் கேம்ப்புக்கு அனுப்பு."

"உனக்கு போன் பண்ணிட்டானா? பண்ணுவான். அங்க இன்னா தண்ணியோ, எந்த லாரித் தண்ணியோ. ஒருவாட்டி பட்டது போதாதா?"

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் குடிக்கிற தண்ணிதானே. நீ அந்த மெசேஜைப் பார்த்துப் பயப்படாதே. ஃபில்டர் ஒன்பது மாசம் தாங்கும். மூணு மாசம்னு வர்றது சும்மா."

"நீ எனக்கு செலவு வைக்கக் கூடாதுன்னு சொல்ற. கம்பெனிக்காரனே எழுதிகீறான், உனக்கு இன்னா தெரியும்? மாத்த வர்றவன் பழச கழட்டி காட்றான்டா. டீத்தூளு மாரி கீது. அதெல்லாம் புள்ள வயித்துல போயிருந்தா?"

"அழுக்கைப் பிடிக்கத்தானேக்கா ஃபில்டர்? பிடிச்சா நல்லா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்."

"நீ இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. "அக்கா, அந்த மெசேஜை எழுதினதே நான்தான்" என்றேன்.

மிக்ஸி நின்றது.

"நீயா எழுதன?"

"நான்தான்."

"அட, சொல்லவே இல்ல! அப்ப உண்மையாத்தான் இருக்கும். நீ பொய் எழுதுவியா?"

அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. கம்பெனிக்காரன் எழுதியபோது கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும்போல. தம்பி எழுதியது என்றதும் அதுவும் போய்விட்டது. இவ்வளவு வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் என்னை இந்த அளவுக்கு நம்பியதில்லை.

"பொய்தான்க்கா" என்றேன். "தினேஷுக்கு வந்ததை வச்சு எழுதினேன். நீ எதுக்குப் பயப்படுவேன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதிக் குடுத்தேன்."

மிக்ஸி ஜாரை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது.

"மூணு வருசமா," என்றாள். நிறுத்தினாள். "அன்னைக்கு நான் காய்ச்சாம உட்டத, சாமிதான் ஒவ்வொரு தபாவும் எனக்கு ஞாபகப்படுத்துதுன்னு நெனச்சிகினு கீறேன்டா."

மன்னித்துவிடு என்றேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல வாய் அவளுக்கு, தெருவே ஒதுங்கும்.

"அவன் போவட்டும்" என்றாள் கடைசியில். "பையில துணி எடுத்து வைக்கறேன்."

போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாடி ஊட்டு சுமதிக்கும் அது வருது" என்றாள். "மெசினு வாங்கச் சொன்னதே நான்தான். அவ புள்ளைக்கு ரெண்டு வயசு. வெளிய ஊட்ல ஒரு வாய் தண்ணி குடுக்க உட மாட்டா. மெசேஜ் வந்தா எங்கிட்டதான் கொண்டாந்து காட்டுவா. நானும் மாத்திடுடி, மாத்திடுடின்னு சொல்லிகினு கீறேன். இப்ப அவகிட்ட போய் நான் இன்னான்னு சொல்லுவேன்? இரு. நீயே சொல்லு."

"அக்கா, அவங்களை எனக்குத் தெரியவே தெரியாதே..."

அவள் படியேறும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது அவளுக்கு. கதவு திறந்தது. "எங்க தம்பி. நார்வேலேர்ந்து. உங்கிட்ட இன்னாவோ சொல்லணுமாம்" என்று அக்கா சொன்னாள். போன் கை மாறியது.

"சொல்லுங்கண்ணா" என்றது சின்னக் குரல் ஒன்று. பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

பல ஊர்களுக்கு, பல மொழிகளில், முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இந்த ஒருத்தியிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். ஃபில்டர் மாற்றச் சொல்லி வரும் மெசேஜை எழுதியது நான்தான் என்றேன். மூன்று மாதம் என்பது பொய், ஒன்பது மாதம் வரும் என்றேன். கண் மஞ்சளாகும் என்று எழுதியது பயமுறுத்துவதற்காக, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டிக் கேட்டாள். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லண்ணா?"

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

ஆகுமா ஆகாதா என்று தெரியாமல்தான் அதையும் சொன்னேன்.